கத்தியோடு நிற்பவனிடம் காவலர்கள் ஏன் பேசிக்கொண்டே நின்றார்கள்?

கன்னியாகுமரி மாவட்டம் அருமனைப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அண்டை வீட்டு இளைஞன் ஒருவன் வெட்டுக்கத்தியுடன் தன் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு, கிட்டே வருபவர்களை வெட்டிவிடுவேன் என்று கத்தியிருக்கிறான். அவன் குடித்திருந்தான் என்று சிலரும், மனநிலை சரியில்லாதவன் என்று சிலரும் சொல்கிறார்கள். உதவி ஆய்வாளர் ஒருவரும் மூன்று காவலர்களும் வந்து, மதிலுக்கு வெளியே நின்று, ஒன்றரை மணி நேரம் அவனிடம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கடைசியில் அவனுடைய தாய்மாமன் வந்து அழைத்த பிறகு, அவனே கத்தியைக் கிணற்றுத் திண்டில் வைத்துவிட்டு வந்து ஜீப்பில் ஏறியிருக்கிறான். "நான்கு பேர் லத்தியோடு நின்றும் ஒருவனைப் பிடிக்கத் துணிவில்லையா? நாலு அடி போட்டு இழுத்துக்கொண்டு போயிருந்தால் அவனும் அடங்கியிருப்பான், பார்த்துக்கொண்டிருந்த ஊரும் அடங்கியிருக்கும். அந்த அதிகாரத்தைச் சட்டம் அவர்களுக்குக் கொடுக்கவில்லையா?" என்று அவர் கேட்கிறார்.

ஒரே மூச்சில் கேட்கப்பட்டிருந்தாலும் இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பலத்தைப் பயன்படுத்தக் காவலருக்கு அதிகாரம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்பது முதலாவது. பேசிக்கொண்டு நின்றது கோழைத்தனமா, தொழில் திறமையா என்பது இரண்டாவது. மூன்றாவதை அவர் நேராகக் கேட்கவில்லை. ஆனால் அந்த "நாலு அடி" என்ற சொல்லுக்குள் அது இருக்கிறது. அந்த அடி அவனைப் பிடிப்பதற்காகவா, அல்லது அவன் செய்ததற்குக் கூலியாகவா? நான் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி கல்குளம், விளவங்கோடு வட்டங்களிலேயே கழிந்தது. கடைசிச் சில ஆண்டுகள் புதிதாகச் சேர்ந்த காவலர்களுக்குப் பயிற்சி அளித்தேன். நான் வழக்கறிஞன் அல்லன். சட்டத்தை ஸ்டேஷனில் வைத்துப் புழங்கிய அளவுக்கு அறிவேன். அந்த முற்றத்தில் நான் நிற்கவில்லை என்பதால், அங்கே நடந்ததைப் பற்றி இங்கே எழுதுவது நீங்கள் விவரித்ததை நம்பி எழுதுவதுதான்.

சட்டத்தில் ஐயமில்லாத பகுதியிலிருந்து தொடங்குகிறேன். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் 46-ஆம் பிரிவாக இருந்தது இப்போது 43-ஆம் பிரிவு. ஒருவரைக் கைது செய்யும்போது அவர் உடலைத் தொட வேண்டும் அல்லது அவரை அடைத்து நிறுத்த வேண்டும். ஆனால் சொல்லாலோ செயலாலோ அவர் தாமாகவே உட்பட்டுவிட்டால் தொட வேண்டியதில்லை. இந்த விதிவிலக்கைப் பலரும் வாசிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்கள் அண்டை வீட்டு இளைஞன் கத்தியை வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினானே, அதுவே சட்டம் சொல்லும் முழுமையான கைது. அதில் ஒரு குறையும் இல்லை. அவன் வன்மையாக எதிர்த்தாலோ தப்பிக்க முயன்றாலோ மட்டும், கைது செய்வதற்குத் தேவையான எல்லா வழிகளையும் காவலர் கையாளலாம் என்கிறது அடுத்த உட்பிரிவு. "தேவையான" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சுமத்தப்படாத ஒருவரைக் கைது முயற்சியில் கொல்வதற்கு இந்தப் பிரிவு உரிமை தரவில்லை என்றும் அதே பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. பிடித்த பிறகு, தப்பிப்பதைத் தடுக்க எவ்வளவு கட்டுப்பாடு வேண்டுமோ அதற்கு மேல் கூடாது என்பது புதிய சட்டத்தின் 46-ஆம் பிரிவு. கைவிலங்குக்குக்கூட இப்போது குற்றத்தின் தன்மையைப் பார்க்கச் சொல்லி ஒரு பட்டியல் இருக்கிறது; முற்றத்தில் நின்று கத்தியவன் எளிதில் அந்தப் பட்டியலுக்குள் வரமாட்டான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. காவலரும் மனிதர், எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள தற்காப்புரிமை அவருக்கும் உண்டு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்தது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம் எழுந்தால், தாக்குபவனின் உயிரே போனாலும் அது குற்றமாகாது. அந்த உரிமை அச்சம் எழும் கணத்தில் தொடங்கி அச்சம் நீடிக்கும் வரை நீடிக்கும், அதோடு முடிந்துவிடும். அந்தக் கணத்தில் எவ்வளவு பலம் சரியானது என்பதைப் பொன் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்க்க முடியாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பக் கூறியிருப்பதும் உண்மையே. அச்சம் கற்பனையல்ல என்பதை நம் மாவட்டத்தார்க்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஜனவரி 8 அன்று களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு பல மாதங்கள், இரவில் ஒரு வண்டியை நிறுத்தும்போது ஒவ்வொரு காவலரின் கையும் தானாக இடுப்புக்குப் போய் வந்தது. பேசி முடிக்க வேண்டும் என்று நான் எழுதுவதை, ஆபத்தை அறியாதவன் மேடையிலிருந்து சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆக, அதிகாரம் இருக்கிறது. ஆனால் எதிரில் நிற்பவன் எவ்வளவு கெட்டவன் என்பது அதன் அளவுகோல் அல்ல. இந்த நிமிடத்தில் எவ்வளவு தேவை என்பதே அளவுகோல். நேற்று அவன் தாயை அடித்தான், போன வாரம் கடையை உடைத்தான், அரை மணி நேரமாக நம்மைத் தாயைப் பழித்துத் திட்டினான் என்பவை எல்லாம் வழக்கில் எழுத வேண்டியவை, லத்தியில் காட்ட வேண்டியவை அல்ல. 2016-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த அனிதா தாக்கூர் வழக்கில் இது தெளிவாகப் பிரித்துக் காட்டப்பட்டது. ஜம்மு பகுதியிலிருந்து தில்லிக்குப் பேரணியாகப் புறப்பட்ட புலம்பெயர்ந்தோர் கட்ரா அருகே கலவரத்தில் இறங்கியபோது காவலர்கள் முதலில் பலம் பயன்படுத்தியதை நீதிமன்றம் தவறென்று சொல்லவில்லை. நிலைமை கட்டுக்குள் வந்த பிறகும் அடி தொடர்ந்ததையே உரிமை மீறல் என்றது, இழப்பீடும் வழங்கச் சொன்னது. ஒரே லத்தி, ஒரே கை, ஒரே பிற்பகல். ஒரு நிமிடம் வரை சட்டம், அடுத்த நிமிடம் குற்றம். நீங்கள் கேட்ட அந்த நாலு அடியில், கத்தி கையை விட்டு விழும் வரை விழுந்த அடிக்குக் காவலர் காரணம் சொல்லலாம். அதன் பிறகு விழும் ஒவ்வொன்றும் அவர் தம் பெயரில் விழுந்த அடி.

இரண்டாவது கேள்விக்கு என் தவறு ஒன்றைச் சொல்லாமல் விடை எழுத முடியாது. பணியில் சேர்ந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டில் அண்ணன் தம்பிக்கு எல்லைத் தகராறு. தம்பி பால் வெட்டும் தொழிலாளி, குடித்திருந்தார், கையில் எங்கள் பக்கத்தில் வெட்டோத்தி என்று சொல்லும் கத்தி. இரவு எட்டு மணியிருக்கும். நாங்கள் ஐந்து பேர் ஜீப்பை முற்றம் வரை கொண்டுபோய் முகப்பு விளக்கை அவர் முகத்தில் அடித்தோம். எங்களில் ஒருவர் "கத்தியக் கீழ போடுல" என்றார். இன்னொருவர் "கையத் தூக்கு" என்றார். நான் "அசையாத" என்று கத்தினேன். இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் எந்த மனிதனாலும் செய்ய முடியாது. கத்தியைக் கீழே போட வேண்டுமானால் அசைந்தாக வேண்டும். அவர் குனிந்தார். கீழே வைக்கத்தான் குனிந்தாரா, பாய்வதற்குக் குனிந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. என் லத்தி அவர் தோளில் இறங்கிவிட்டது. அவர் வீசிய வீச்சில் என் பக்கத்தில் நின்ற காவலரின் இடக்கையில் இரண்டு விரல்களின் நரம்பு அறுந்தது. பிறகு கீழே கிடந்தவர் மேல் எத்தனை அடி விழுந்தது என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தப்பி ஓடும்போது தவறி விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது என்று எழுதப்பட்டது. எழுதியவர் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். கழிப்பறையில் வழுக்கி விழுந்தவர்களின் மாவுக்கட்டுப் படத்தைக் கைப்பேசியில் பார்த்து இன்று ஊரே சிரிக்கிறது. எனக்கு அந்தப் படங்களைப் பார்த்துச் சிரிப்பு வந்ததில்லை. விரல் அறுந்த நண்பர் ஓய்வு பெறும் வரை துப்பாக்கியை ஏந்தும்போது இடக்கை நழுவும்.

அங்கே நாங்கள் துணிவில்லாமல் தோற்கவில்லை. ஐந்து பேருக்கும் துணிவு நிறையவே இருந்தது. தோற்றது நெருங்கிப் போனதாலும், ஆளாளுக்குப் பேசியதாலும், இல்லாத அவசரத்தை நாங்களே உண்டாக்கிக்கொண்டதாலும்தான். அவர் முற்றத்தில் தனியாக நின்றார். அண்ணன் குடும்பம் பக்கத்து வீட்டில் கதவடைத்து இருந்தது. எங்கள் ஜீப் வரும் வரை அங்கே யாருடைய உயிருக்கும் உடனடி ஆபத்து இல்லை. பின்னாளில் பயிற்சியில் இதைத்தான் முதலில் சொல்வேன்: வெட்டுக்கத்திக்கு அதன் நீளமும் பிடித்திருப்பவன் கையின் நீளமும்தான் எல்லை. அந்த எல்லைக்கு வெளியே, நடுவில் ஒரு மதிலோ கிணற்றுத் திண்டோ ஜீப்போ இருக்கும்படி நின்றுகொண்டால், காவலருக்கு அடிக்க வேண்டிய தேவையே எழாது. தேவை எழாத வரை அடிக்கும் உரிமையும் எழாது. தூரம் நேரத்தைத் தருகிறது. குடிபோதையில் நிற்பவனுக்கு நேரம் செய்யும் வேலையை எந்த லத்தியும் செய்யாது. நீங்கள் மதிலுக்கு வெளியே நின்ற காவலர்களைப் பார்த்து ஒதுங்கி நின்றார்கள் என்று நினைத்தீர்கள். நான் அதை வாசிக்கும்போது, அந்த உதவி ஆய்வாளருக்கு யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பேச்சிலும் ஒரு முறை இருக்கிறது. ஒருவர் மட்டுமே பேச வேண்டும். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. முதலில் வேடிக்கை பார்ப்பவர்களையும் கைப்பேசியைத் தூக்கிப் பிடிப்பவர்களையும் அப்புறப்படுத்த வேண்டும், ஏனென்றால் நூறு பேர் பார்க்கக் கத்தியைக் கீழே வைப்பது நம் ஊரில் ஒருவன் மானத்தைக் கீழே வைப்பதாகிவிடும். "அமைதியா இரு" என்ற சொல்லால் அமைதியானவர் எவரையும் நான் கண்டதில்லை. பதில் சொல்லக்கூடிய சிறு கேள்விகள் அதைவிட மேல். குலசேகரம் பக்கத்தில் ஒரு முறை இதே போல ஒருவன் துணி துவைக்கும் கல்லருகே கத்தியோடு நின்றான். இருபது வருடம் கழிந்திருந்ததால் எனக்கும் கொஞ்சம் பொறுமை வந்திருந்தது. தொப்பியைக் கழற்றி ஜீப் மேல் வைத்துவிட்டு, "மக்களே, தண்ணி குடிக்கியா?" என்று கேட்டேன். "தண்ணி வேண்டாம் சாரே, ஒரு பீடி தாங்க" என்றான். பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் மதில் மேலாக எறிந்தேன். தீக்குச்சி உரசுவதற்கு இரண்டு கையும் வேண்டும். அவன் கத்தியைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் பீடியைப் பற்ற வைத்தான். பக்கவாட்டில் நின்றிருந்த ஏட்டு மெதுவாக நடந்து வந்து அவனுக்கும் கல்லுக்கும் இடையில் நின்றார். அவ்வளவுதான், அவன் பீடியைக் குடித்து முடிக்கும் வரை நாங்கள் காத்திருந்தோம். இதைத் தந்திரம் என்று வகுப்பில் சொன்னால் எல்லாரும் பீடிக்கட்டோடு கிளம்பிவிடுவார்கள் என்பதால், அன்று வாய்த்தது என்று மட்டுமே சொல்வேன்.

உறவினரை அழைப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். உங்கள் நிகழ்ச்சியில் தாய்மாமன் வந்தது நல்லதாய் முடிந்தது. ஆனால் தகராறே மனைவியோடு அல்லது அண்ணனோடு என்றால், அவரைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துவது எரிகிற அடுப்பில் விறகு வைப்பதாகும். யார் மேல் அவனுக்கு மனத்தாங்கல் இல்லை என்பதைக் கண்டுபிடிக்கவே சில நேரம் அரை மணி நேரம் போய்விடும். இன்னொன்று, கேஸ் போட மாட்டேன் என்று பொய் வாக்குக் கொடுக்கக் கூடாது. அன்றைக்கு அது பலிக்கும். அடுத்த முறை அதே ஊரில் யாரும் காவலர் சொல்லை நம்பிக் கத்தியை வைக்க மாட்டார்கள்.

காத்திருப்பதே எப்போதும் சரி என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். வீட்டுக்குள் ஒரு குழந்தை அவனிடம் அகப்பட்டிருந்தால், மண்ணெண்ணெயை ஊற்றிக்கொண்டு தீப்பெட்டியைத் தேடினால், தன் கையை அறுத்துக்கொண்டு இரத்தம் போய்க்கொண்டிருந்தால், அல்லது மதிலைத் தாண்டி ஒருவர் மேல் பாய்ந்தால், அங்கே நின்று பேசிக்கொண்டிருப்பதுதான் குற்றம். அப்போது பலம் தயங்காமல், போதுமான ஆட்களோடு, ஒரே முறையில் பயன்படுத்தப்பட வேண்டும். அரைமனதோடு ஒருவர் மட்டும் பாய்வதால் இரு பக்கமும் காயம் கூடும். கேடயத்தோடு இருவர், கையைப் பிடிக்க ஒருவர், காலைப் பிடிக்க ஒருவர் என்று முன்பே பேசி வைத்துக்கொண்டு இறங்கினால் பெரும்பாலும் லத்தியே வேண்டியிருக்காது. ஒன்றரை மணி நேரம் பேசிய அந்த உதவி ஆய்வாளர் இப்படி ஒரு திட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசினாரா, வேறு வழி தெரியாமல் பேசினாரா என்பதில்தான் நல்ல காவலரும் சாதாரணக் காவலரும் பிரிகிறார்கள். மதிலுக்கு வெளியே இருந்து பார்த்தால் இருவரும் ஒன்று போலவே தெரிவார்கள்.

இப்படி எழுதினால், காலில் சுட்டிருக்கலாமே என்று அடுத்ததாக யாராவது கேட்பார்கள். கால் என்பது பாதுகாப்பான இலக்கு அல்ல. அசைந்துகொண்டிருக்கும் காலைக் கைத்துப்பாக்கியால் குறி வைப்பது கடினம். தொடையில் ஓடும் பெரிய இரத்தக் குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். துப்பாக்கி எங்கே குறி வைக்கப்பட்டாலும் அது உயிரைப் பறிக்கக்கூடிய பலம்தான். உயிரைக் காக்க வேறு வழியில்லை என்ற நிலையில் மட்டுமே அது வெளியே வர வேண்டும். சுட்டதில் ஒருவர் இறந்தாலோ, மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) தொடுத்த வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படி, முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும், சிபிசிஐடியோ வேறு நிலையத்தின் குழுவோ புலன் விசாரணை செய்ய வேண்டும், நடுவர் விசாரணை நடக்க வேண்டும். வீரம் ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டப்படும் வரை பதக்கமும் உடனடிப் பதவி உயர்வும் கூடாது என்றும் அதில் இருக்கிறது. அந்தக் கடைசி நெறியைப் பற்றி ஸ்டேஷன்களில் முணுமுணுப்பு உண்டு. என் கருத்தில், எல்லாவற்றிலும் அதுவே மிகவும் தேவையானது.

இனி ஐயத்துக்குரியவற்றைச் சொல்ல வேண்டும். கத்தியோடு நிற்பவன் 21 அடி தூரத்துக்குள் இருந்தால் சுடலாம் என்று ஒரு விதி இருப்பதாக இளைய காவலர்கள் இணையத்தில் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். அப்படி ஒரு சட்டம் எங்கும் இல்லை. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் பயிற்சி அளித்த டென்னிஸ் டுயல்லர் என்ற காவலர் 1983-இல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது அது. அத்தூரத்தை ஒருவன் சுமார் ஒன்றரை வினாடியில் ஓடிக் கடந்துவிடுவான், உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடுவதற்கும் ஏறக்குறைய அதே நேரம் ஆகும் என்பதுதான் அவர் காட்டியது. அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம், 21 அடிக்குள் போகாதே, போனால் நடுவில் ஒரு தடுப்பு இருக்கட்டும் என்பது. அதைச் சுடுவதற்கான அனுமதியாக வாசிப்பது வேறு ஒரு மனநிலை. அதே போல, பேசித் தணிக்கும் பயிற்சி உண்மையிலேயே காயங்களைக் குறைக்கிறதா என்பதற்கும் வலுவான சான்று மிகச் சில இடங்களிலிருந்தே கிடைக்கிறது. அமெரிக்காவின் லூயிவில் நகரக் காவல் துறையில் நடந்த ஆய்வில், அந்தப் பயிற்சிக்குப் பிறகு பலப் பயன்பாடு 28 விழுக்காடும், காவலர்களுக்கு ஏற்பட்ட காயங்கள் 36 விழுக்காடும் குறைந்தன. பொதுமக்களின் காயத்தைவிடக் காவலர்களின் காயம் கூடுதலாகக் குறைந்திருக்கிறது என்பதை வகுப்பில் நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் மனித உரிமை என்றதும் முகம் சுளிப்பவர்கூட இதற்குக் காது கொடுப்பார். இருந்தாலும் அங்கே எல்லார் இடுப்பிலும் துப்பாக்கி. இங்கே பெரும்பாலும் லத்திதான். அந்த விழுக்காடுகளை அப்படியே தூக்கி அருமனையில் வைக்க முடியாது.

"ஊரும் அடங்கியிருக்கும்" என்று நீங்கள் எழுதியதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கூட்டத்தைக் கலைக்கும் சட்டம் தனி. அது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148-ஆம் பிரிவில் வருகிறது. கலைந்து போகும்படி முதலில் கட்டளையிட வேண்டும். கட்டளையிட நிர்வாக நடுவரோ, நிலையப் பொறுப்பு அலுவலரோ, அவர் இல்லாதபோது உதவி ஆய்வாளருக்குக் குறையாத ஒருவரோ வேண்டும். கலையாவிட்டால், அல்லது கலையமாட்டோம் என்று நடத்தையால் காட்டினால், அதன் பிறகே பலம். ஊரை அடக்குவதற்காக ஒருவனை அடிப்பதற்குச் சட்டத்தில் எங்கும் இடமில்லை. அடியால் ஊர் அடங்கும் என்பதும் நம் மாவட்டத்தின் அனுபவம் அல்ல. தாய்த் தமிழகத்தோடு சேரக் கேட்டு நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்-கொச்சிக் காவல் துறை சுட்டதில் பலர் இறந்தார்கள். பட்டம் தாணு பிள்ளையின் அந்த அரசு தம் கட்சி அரசாக இருந்தும், அது பதவி விலக வேண்டும் என்று பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியாவே கேட்டார். ஊர் அடங்கவில்லை, 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. பக்கத்துத் தூத்துக்குடியில் 2018 மே மாதம் 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், படிப்படியாகச் செல்ல வேண்டிய முறைகள் பின்பற்றப்படவில்லை என்று கண்டது. 2017 டிசம்பரில் ஒக்கி புயலில் காணாமல் போனவர்களைத் தேடக் கேட்டு, கடற்கரை ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தபோது பேச்சு நடந்தது, இரவாயிற்று, கலைந்து போனார்கள். குழித்துறையைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை. ஒன்றும் நடக்காமல் முடிந்ததை யாரும் நினைவில் வைப்பதில்லை. உங்கள் அண்டை வீட்டு முற்றத்தில் நடந்ததும் அந்த வகைதான்.

பிடித்துக் கொண்டுபோன பிறகு நிலையத்துக்குள் நடப்பதைப் பற்றி மிகச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே விவாதிக்க ஒன்றுமில்லை. காவலில் இருப்பவர் மேல் பலம் பயன்படுத்த, அவர் தாக்கினாலோ தப்ப முயன்றாலோ தவிர, எந்தக் காரணமும் சட்டத்தில் கிடையாது. வாக்குமூலத்துக்காக அடிப்பது தனிக் குற்றம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைது செய்யப்பட்ட தந்தையும் மகனும் இறந்த வழக்கில், ஒன்பது காவலர்கள் மீது சிபிஐ கொலைக் குற்றச்சாட்டுப் பதிந்தது. நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும் என்று அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விரிவான உத்தரவும் போட்டது. கைதானவர் நடுவர் முன் நிறுத்தப்படும்போது உடலில் காயம் இருந்தால் அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. மருத்துவப் பரிசோதனையும் கட்டாயம்.

அந்த இளைஞன் குடித்திருந்தானா, மனநோய் உள்ளவனா என்பது உங்கள் கேள்வியில் தெளிவாகவில்லை. மனநோய் என்றால் சட்டமே மாறிவிடுகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவின்படி, மனநோயால் தனக்கோ பிறர்க்கோ ஆபத்தாக இருப்பவரைக் காவலர் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்த நிலையிலும் அவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. நம் மாவட்டத்தில் என்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. அவனை ஜீப்பில் எங்கே கொண்டுபோனார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. முடிந்தால் அவன் தாய்மாமனிடம் கேட்டுப் பாருங்கள். சிகிச்சை எதுவும் தொடங்கவில்லை என்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணை அவருக்குக் கொடுங்கள். இன்னொரு முறை அவன் கத்தியோடு முற்றத்தில் நின்றால், காவல் நிலையத்தை அழைக்கும்போதே வீட்டுக்குள் வேறு யார் இருக்கிறார்கள், அவன் குடித்திருக்கிறானா, மாத்திரை சாப்பிடுபவனா, யார் சொன்னால் கேட்பான் என்ற நான்கையும் சொல்லிவிடுங்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பாதியை உதவி ஆய்வாளர் இந்த நான்கையும் தெரிந்துகொள்ளவே செலவிட்டிருப்பார்.